வியாழக்கிழமைக்காரி

எனக்கு இந்த நாட்டில் இருக்கலாம் என்று அனுமதி கிடைத்தபின், அகதிகள் காம்பில் ஒரு பெண் அதிகாரி என்னைக் கூப்பிட்டுக் கதைத்தாள். போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். டென்மார்க்கில் சொந்தக்காரர் யாராவது உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். எந்த ஊரில் இருக்க விருப்பம் என்று கேட்டாள். இதை இப்படிக் கேட்பார்கள் என்று காம்பில் இருந்த மற்றப் பெண்கள் முதலே சொல்லியிருந்தார்கள். புரொண்பி என்று சொல்லு, இல்லாவிட்டால் ஹொல்ஸ்டெப்ரோ என்று சொல்லு, அங்கெல்லாம் எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள் என்று படிப்பித்து அனுப்பியிருந்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. இருக்க இடம் தருகிறவர்களிடம் இன்ன இடம்தான் வேண்டும் என்று எப்படிக் கேட்பது? "உங்கட விருப்பம்" என்றேன். அவள் இன்னொருமுறை கேட்பாள், அப்போது மெதுவாகச் சொல்லுவோம் என்று காத்திருந்தேன். அவள் எதையோ எழுதி முடித்து, கை தந்து, எழும்பிப் போனாள்.

அப்படித்தான் நான் பிராண்டே என்ற பட்டணத்துக்கும் அங்காலே, பஸ்ஸில் போகவேண்டிய இந்தச் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தேன். சிவப்புக் கல் வீடுகள் ஒரே வரிசையாக நிற்கும். எனக்குத் தந்தது கடைசி வீடு. பின்னால் வயல், வயலுக்கு அப்பால் மின்சாரம் எடுக்கும் பெரிய காற்றாடிகள். பிராண்டேயில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் நான் வருவதற்கு எத்தனையோ வருஷத்துக்கு முதல் வந்தவர்கள். அந்தக் காற்றாடிகளுக்குச் சாமான் செய்யும் பக்டரிகளில் வேலை, சொந்தக் கார், பிள்ளைகள் டெனிஷில் பதில் சொல்லும் வீடுகள். பிறந்தநாளுக்கு, சாமத்தியச் சடங்குக்கு என்று கூப்பிடுவார்கள். கார் இல்லாத ஆள் அங்கே போனால் யாராவது ஒருவர் கொண்டுவந்து விட வேண்டும். யார் விடுவது என்று மற்றவர்கள் கண்ணால் பார்த்துக்கொள்வதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு எனக்குத் தலையிடி, காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிடுவேன்.

எனக்கு யாரும் குறை வைத்தார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே ஊர்ச் சபையைக் கொம்யூன் என்பார்கள். கொம்யூன் வீடு தந்தது, கட்டில் தந்தது, மாதாமாதம் சீவிக்கக் காசு தந்தது. மொழிப் பள்ளிக்கூடத்தில் விட்டார்கள். ஊரில் மூன்றாம் வகுப்போடு நின்ற நான், தலை நரைத்தபிறகு சின்னப் பிள்ளைகளின் கொப்பியில் டெனிஷ் எழுத்து எழுதிப் பழகினேன். கொஞ்சக் காலம் ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் உருளைக்கிழங்கு சீவவும் அனுப்பினார்கள். சம்பளமில்லை, அது பழகுகிற வேலை. என்னைவிட இளைய கிழவர்களுக்கு நான் கிழங்கு சீவிக் கொடுத்தேன். நான் ஒன்றுக்கும் முகம் சுழிக்கவில்லை. கொம்யூன்காரி வரும்போதெல்லாம் எல்லாம் சரியா என்று கேட்பாள். எல்லாம் சரி என்று சொல்வேன். அவளும் சந்தோஷமாகப் போய்விடுவாள்.

இதெல்லாவற்றுக்கும் மேலால் ஒரு மனுஷியும் வந்தாள்.

அகதிகளுக்குத் துணையாகப் பழக விரும்புகிற ஆட்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு அமைப்பு இங்கே இருக்கிறது. அவர்கள் ஒவ்வொரு அகதிக்கும் ஒருவரை அனுப்புவார்கள். எனக்கு இது அப்போது தெரியாது. ஒரு வியாழக்கிழமை கதவில் மணி அடித்தது. திறந்தால், உயரமான ஒரு வெள்ளைக்காரி, என்னுடைய வயது இருக்கும், கட்டையாக வெட்டிய வெள்ளைத் தலைமயிர், கையில் ஒரு பூச்சாடி. சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்தாள். அது எனக்குப் பிடித்தது. ஆனாலும் நம்பவில்லை. ஊரில் என் வீட்டுக் கதவைத் தட்டி வந்தவர்களும் முதல்நாள் சிரித்துக்கொண்டுதான் வந்தார்கள். என்னைப் பார்த்து எழுதி அனுப்பத்தான் இவளை அரசாங்கம் அனுப்பியிருக்கிறது என்று நினைத்தேன். தேத்தண்ணி கொடுத்தேன், வடை கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை.

பிறகு மொழிப் பள்ளிக்கூடத்தில் தமிழ் தெரிந்த ஒருவர் விளங்கப்படுத்தினார். அவள் அரசாங்க ஆள் இல்லை. சம்பளமும் இல்லை. பன்றி வெட்டும் தொழிற்சாலை ஒன்றின் சாப்பாட்டுச்சாலையில் சமையல்காரியாக இருந்து ஓய்வு எடுத்தவள். புருஷன் செத்துப்போனான். தன் விருப்பத்துக்கு வருகிறாள். அதைக் கேட்டபின்தான் எனக்கு இன்னும் குழப்பமாயிற்று. ஒன்றும் கிடைக்காமல் ஒருத்தி ஏன் ஒரு அந்நியக் கிழவியின் வீட்டில் வந்து இருக்க வேண்டும்?

அதற்குப் பதில் கிடைக்காமலே நாங்கள் பழகிவிட்டோம். வியாழக்கிழமை பின்னேரம் அவளுடைய நாள். பேர் எனக்கு வாயில் நுழையாதபடியால் மனதுக்குள் அவளுக்கு வியாழக்கிழமைக்காரி என்று வைத்துக்கொண்டேன். எனக்குப் போனில் வரும் கொம்யூன் கடிதங்களை வாசித்து, இது பயப்பட வேண்டியது, இது பயப்படத் தேவையில்லை என்று முகத்தாலேயே சொல்வாள். டொக்டருக்குப் போன் எடுத்து நேரம் வாங்கித் தருவாள். வெறும் போத்தலைக் கடையில் இருக்கும் மெஷினுக்குள் போட்டால் காசு திரும்ப வரும் என்று காட்டித் தந்தவளும் அவள்தான். எந்தக் குப்பை எந்த வாளிக்குள் என்று படிப்பித்தவளும் அவள்தான். அதெல்லாம் முடிந்தபின் அவள் கம்பளி பின்னுவாள், நான் மரக்கறி வெட்டுவேன். அவளுடைய டெனிஷில் பாதி எனக்கு விளங்காது. என்னுடைய டெனிஷில் முக்கால்வாசி அவளுக்கு விளங்காது. எங்கள் இருவருக்கும் அது ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

ஒரேயொரு விஷயத்தில்தான் எனக்கு அவளில் மனத்தாங்கல் இருந்தது. முதல்முதல் அவள் வீட்டுக்குப் போனபோது, தானே சுட்ட அப்பிள் கேக்கை மேசையில் வைத்து, சாப்பிடுகிறாயா என்று கேட்டாள். வேண்டாம், நன்றி என்றேன். போன உடனே வாயைத் திறந்துகொண்டு சாப்பிடுகிறவள் என்று நினைக்கக்கூடாது அல்லவா. அவள் தலையை ஆட்டிவிட்டுத் தனக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்தாள். மிச்சத்தைக் கொண்டுபோய்க் குசினியில் வைத்துவிட்டாள். எனக்கு முன்னால் இருந்து ருசித்து ருசித்துச் சாப்பிட்டாள். நான் வெறும் கோப்பியைக் குடித்துக்கொண்டு இருந்தேன். என் சீவியத்தில் அப்படி ஒரு மரியாதைக்கேட்டை நான் கண்டதில்லை. இவ்வளவு நல்ல மனுஷி இப்படிக் கையிறுக்கமாக இருக்கிறாளே என்று பஸ்ஸில் வரும்போது கவலைப்பட்டேன்.

அடுத்த வியாழன் அவளுக்குப் பாடம் படிப்பிப்போம் என்று கடலைவடை சுட்டு அடுக்கினேன். இரண்டு சாப்பிட்டுவிட்டு நன்றி, போதும் என்றாள். நான் இன்னும் ஒன்றை அவள் பீங்கானில் வைத்தேன். சாப்பிட்டாள். போதும் என்றாள். இன்னும் ஒன்று வைத்தேன். முகம் சிவக்கச் சிவக்கச் சாப்பிட்டாள். அதன்பிறகு என் வீட்டில் அவள் போதும் என்று சொல்லும்போது இரண்டு கையாலும் பீங்கானை மூடிக்கொள்வாள். உபசரிப்பு என்றால் இப்படித்தான் என்று அவளுக்குக் காட்டிவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

அப்படியே சில வருஷம் போயிற்று. பிறகு ஒரு இலையுதிர்காலத்தில் அவளுடைய முழங்கால் பழுதாயிற்று. காரிலிருந்து இறங்கும்போதே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். யன்னலால் பார்த்துக்கொண்டிருக்கும் எனக்கு என்னுடைய முழங்கால் நோகும். அப்படியான ஒரு வியாழக்கிழமை, போக வெளிக்கிடும்போது, திரும்ப வந்து கதிரையில் இருந்தாள். எனக்கு விளங்கவேண்டும் என்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கதைத்தாள். இப்போது உனக்கு டொக்டருக்குப் போன் எடுக்கத் தெரியும், பஸ் தெரியும், பிராண்டேயில் உன் ஆட்கள் இருக்கிறார்கள், இன்னும் நான் வருவது உனக்கு வேண்டுமா என்று கேட்டாள். உள்ளதைச் சொல் என்றாள்.

நான் அவளுடைய காலைப் பார்த்தேன். அந்தக் காலோடு இருக்கிற மனுஷியிடம் மானமுள்ள ஒருத்தி என்ன சொல்வாள்?

"வேண்டாம்" என்றேன். "எனக்கு எல்லாம் சரி. உனக்கு ஏன் கரைச்சல்."

அடுத்ததாக நடக்க வேண்டியது எனக்குத் தெரியும். இல்லை இல்லை, நான் வருவேன் என்று அவள் சொல்ல வேண்டும். உன் காலைப் பார் என்று நான் சொல்ல வேண்டும். அது கிடக்கட்டும், வராமல் எனக்கு இருக்க ஏலாது என்று அவள் சொல்ல வேண்டும். அப்போது நான், சரி, உன் விருப்பம் என்று இறங்கி வர வேண்டும். என் பங்குச் சொற்களை டெனிஷில் அடுக்கி ஆயத்தமாக வைத்திருந்தேன்.

அவள் என் இரண்டு கையையும் பிடித்தாள். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு பிள்ளை சோதனை பாஸ் பண்ணினால் வாத்தியார் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். நல்லது, மிகவும் நல்லது என்றாள். என்னைக் கட்டிப்பிடித்தாள். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனாள்.

அடுத்த வியாழன் பருப்பை ஊறப்போட்டு, அரைத்து, சுட்டு வைத்தேன். கார் வரவில்லை. கால் நோவாக்கும் என்று நினைத்தேன். அதற்கடுத்த வியாழனும் சுட்டேன். வடையை நானே வைத்து வைத்துச் சாப்பிட்டேன். பிறகு பருப்பு ஊறப்போடுவதை விட்டேன். ஆனால் வியாழக்கிழமைகளில் கடைக்குப் போக மாட்டேன். நான் இல்லாத நேரம் வந்து மணி அடித்துவிட்டுப் போய்விட்டால்?

அந்தக் காலத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன். கடையில் காசு வாங்கும் பெட்டை "ஹை" என்று சொல்ல, நான் திரும்பச் சொல்லப் போனால், குரல் வரவில்லை. தொண்டையைச் செருமித்தான் எடுக்க வேண்டியிருந்தது. முதல்நாள் யாரோடு கதைத்தேன் என்று யோசித்தேன். ஒருவரோடும் இல்லை. அதற்கு முதல்நாள்? வயலுக்கு அப்பால் காற்றாடிகள் சுற்றும்போது வீட்டுக்குள் ஒரு சத்தமும் கேளாது. சுற்றுவது மட்டும் தெரியும். சில நாட்களில் அவை நின்றுவிடும். அப்போது யன்னலில் பார்க்கவும் ஒன்றும் இருக்காது.

ஒருநாள் அந்த அமைப்பின் கந்தோரில் இருந்து ஒருவன் போன் எடுத்தான். மெதுவாகக் கதைக்கிற நல்ல பெடியன். எனக்கு இனித் துணை ஆள் தேவையில்லை என்று அவள் சொன்னதாகவும், அதைக் கேட்டு எல்லோருக்கும் சந்தோஷம் என்றும் சொன்னான். வேறொரு யுத்தத்தில் இருந்து ஒரு தாயும் சின்னப் பிள்ளைகளும் புதிதாக வந்திருக்கிறார்களாம். வியாழக்கிழமைகளில் அவள் இனி அங்கே போகிறாளாம். நன்றி என்று சொல்லிப் போனை வைத்தேன்.

பிராண்டேயில் இருந்து ஒரு பிள்ளை இடைக்கிடை என்னைப் பார்க்க வரும். பிள்ளை என்று நான்தான் சொல்கிறேன், ஐம்பது வயதுக்காரி, பக்டரியில் மாறி மாறி வருகிற நேரத்தில் வேலை. லீவு நாளில் கறிவேப்பிலையும் கொஞ்சம் தூளும் கொண்டு வருவாள். என்னை மாமி என்பாள். அந்த மாரிக் குளிரில் அவள் வந்தபோது, வந்ததும் வராததுமாகக் கேட்டாள்.

"எங்க மாமி உங்கட டெனிஷ் சிநேகிதி? கதையையே காணேல்லை."

"அவ இப்ப வாறேல்லை."

"ஏன், சண்டையோ?"

சண்டை ஒன்றும் இல்லை, அவளுக்குப் புதுசாக ஆட்கள் கிடைத்துவிட்டார்கள் என்றேன். குரலில் கொஞ்சம் காரம் இருந்திருக்க வேண்டும். அவள் விடவில்லை. கடைசியாக வந்த அன்று என்ன கதைத்தீர்கள் என்று துருவினாள். கால் நோவு, அவள் கேட்டது, நான் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டு இருந்தவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

"வேண்டாம் எண்டு சொன்னனீங்களோ மாமி?"

"வேற என்னத்தைச் சொல்லுறது? கால் ஏலாத மனுஷியை வா வா எண்டு இழுக்கிறதோ? ஒரு மரியாதைக்குச் சொன்னது."

"அவைக்கு அது தெரியுமோ? வேண்டாம் எண்டா வேண்டாம்தான் மாமி. திருப்பிக் கேக்கிறதுதான் அவைக்கு மரியாதைக்கேடு. நீ சொன்னதை நான் நம்பேல்லை எண்டு முகத்துக்கு நேரை சொல்லுற மாதிரி."

"அப்ப அந்தக் கேக்…"

"எந்தக் கேக்?"

கேக்கின் கதையையும் சொன்னேன். அவள் சீலைத் தலைப்பு இல்லாதபடியால் சுவெட்டர் கையால் கண்ணைத் துடைத்தாள். தானும் பக்டரிக்குப் போன முதல் வருஷம் இப்படிப் பசியோடு நின்றவள்தானாம். யாராவது பணிஸ் நீட்டினால் வேண்டாம் என்பாளாம், அவர்கள் அடுத்தவளுக்கு நீட்டிவிடுவார்களாம்.

"உங்களுக்கு மரியாதையாத்தான் செய்திருக்கிறா மாமி. நீங்கள்தான் பாவம் அந்த மனுஷிக்கு வடையால அடிச்சிருக்கிறியள். போன் எடுத்து வாங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. ஓடி வருவா."

"நான் கேக்கமாட்டன்."

"அப்ப நான் எடுத்துக் கேக்கட்டே?"

வேண்டாம் என்றேன். அவள் எங்கள் ஆள் அல்லவா, திரும்பக் கேட்டாள். வேண்டாம் என்றேன். போகும்போது காரின் கண்ணாடியை இறக்கி மூன்றாம் முறையும் கேட்டாள். மூன்றாம் முறையும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அது மரியாதைக்குச் சொன்னதில்லை.

ஏன் கேட்கமாட்டேன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. அது சொல்லக்கூடிய கதையும் இல்லை. என்னுடைய மகனை விசாரித்துவிட்டு விடுகிறோம் என்று கூட்டிக்கொண்டு போனார்கள். நான் அவனுடைய படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு கந்தோர் கந்தோராகப் போய்க் கேட்டேன். மனு எழுதிக் கேட்டேன், ரோட்டில் நின்று கேட்டேன், காலில் விழுந்தும் கேட்டேன். கடைசியில், நீ கேட்பதை நிறுத்து என்று சொல்ல என் வீட்டுக்கே ஆள் வந்தது. அதோடு ஊரைவிட்டு வெளிக்கிட வேண்டியதாகிவிட்டது. இங்கே வந்து இறங்கிய இடத்திலும் பொலிசிடம் அடைக்கலம் தாருங்கள் என்று கேட்டுத்தான் உள்ளே வந்தேன். ஒரு மனுஷி ஒரு சீவியத்தில் கேட்கக்கூடியது அவ்வளவுதான், இனி யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை என்று காம்பில் இருக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். அந்த முடிவில்தான் இவ்வளவு காலமும் தலை நிமிர்ந்து இருந்தேன்.

மாரி முழுவதும் அப்படியே போயிற்று. ஸ்நோ விழுந்து கரைந்தது. திரும்ப விழுந்தது. பள்ளிக்கூடமும் முடிந்துவிட்டதால் கிழமையில் எந்த நாள் என்று பார்க்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை மட்டும் பார்க்காமலே தெரிந்தது.

பிறகு ஒருநாள் கடையில் அவளைக் கண்டேன். போத்தல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றாள். கூட ஒரு இளம் தாய், மெலிந்த முகம், இடுப்பில் ஒரு பிள்ளை, வண்டிலைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒன்று. அந்தத் தாய்க்கு, போத்தலை எந்தப் பக்கமாகப் போடுவது என்று காட்டிக்கொண்டு நின்றாள். எனக்குக் காட்டியது போலவே, முதலில் பிழையாகப் போட்டு, மெஷின் துப்ப, கையை விரித்துச் சிரித்து. நான் திரும்பிப் போய்விடலாம் என்றுதான் பார்த்தேன். அவள் கண்டுவிட்டாள். நொண்டி நொண்டி வந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். நல்லாக இருக்கிறேன் என்றேன். வாயில் இருந்து தானாகவே வந்தது. உண்மையாகவா என்றுகூட அவள் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷம் என்று தோளைத் தட்டிவிட்டு அந்தப் பிள்ளைகளிடம் திரும்பிப் போனாள்.

பஸ் நிற்கும் இடத்தில் இருந்து அதை யோசித்தேன். கோபமாகத்தான் தொடங்கினேன். ஒரு தரம்கூடத் திருப்பிக் கேட்கத் தெரியாத சாதி என்று. அப்படி யோசித்துக்கொண்டு போக, எனக்கு அகதி விசாரணை நடந்த நாட்கள் ஞாபகம் வந்தது. அங்கே எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். மகனை ஏற்றிக்கொண்டு போன வாகனம் என்ன நிறம் என்று காலையில் கேட்பார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு அதையே வேறொரு விதமாகக் கேட்பார்கள். அடுத்த தவணை வந்தால் முதலில் இருந்து கேட்பார்கள். அவர்களிலும் பிழையில்லை, ஆயிரம் பேர் வந்து சொல்லும்போது எது உண்மை என்று அவர்கள் பார்க்கத்தானே வேண்டும். ஊரில் கந்தோர்களில் இருந்தவர்களோ நான் சொன்ன ஒரு சொல்லையும் நம்பியதே இல்லை. உனக்கு மகனே இல்லை என்று சொன்னவனும் இருக்கிறான்.

இவள் ஒருத்திதான் ஒரு தரம் கேட்டு, நான் சொன்னதை அப்படியே நம்பியவள். வேண்டாம் என்றேன், நம்பினாள். நல்லாக இருக்கிறேன் என்றேன், நம்பினாள். இவ்வளவு காலத்தில் என் சொல்லுக்கு அப்படி ஒரு மதிப்பை ஒருவரும் தரவில்லை. அப்படிப்பட்டவளிடம் நான் இரண்டு தரமும் உள்ளதைச் சொல்லவில்லை.

பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததில்தான் போனேன்.

வியாழன் அல்லாத ஒரு நாளாகப் பார்த்து அவள் ஊருக்குப் போனேன். இங்கே சொல்லாமல் ஒரு வீட்டுக்குப் போக மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போவதென்றால் போனில் கதைக்க வேண்டும், போனில் கதைத்தால் நான் திரும்பவும் எல்லாம் சரி என்று சொல்லிவிடுவேன் என்று பயம். பஸ்ஸில் இருந்து வாய்க்குள் வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். முன்சீட்டில் இருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

கதவைத் திறந்தவள் என்னைக் கண்டு பயந்துவிட்டாள். என்ன நடந்தது, யாருக்கு என்ன என்று கேட்டாள். உள்ளே வா என்றாள். நான் போகவில்லை. உள்ளே போனால் கோப்பி வரும், கோப்பியோடு கதை வேறு பக்கம் போய்விடும். கால் மிதியில் நின்றபடியே சொன்னேன்.

"நான் வேண்டாம் என்று சொன்னேன். அது உண்மை இல்லை. நீ வர வேண்டும். எனக்கு வேண்டும்."

என்னுடைய டெனிஷ் அவ்வளவுதான். பாட்டுப் பாடி முடித்த பிள்ளை மாதிரி மூச்சு வாங்கியது. காது இரண்டும் சுட்டது. அவள் கதவுப் பிடியில் கையை வைத்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏன் அப்போது வேண்டாம் என்று சொன்னாய் என்று கேட்டாள். உன் கால், என்றேன். பிறகு, எங்கள் பழக்கம், என்றேன். நீ இன்னொரு தரம் கேட்பாய் என்று இருந்தேன், என்றேன். அவளுக்கு அது விளங்கியதோ தெரியாது. அவள் முகம் சிவந்துகொண்டு வந்தது. என்னைப் போகச் சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"உனக்கு என்னில் அலுத்துவிட்டது என்று நினைத்தேன்" என்றாள். "அதுதான் கேட்டேன்."

நான் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன்.

குசினிச் சுவரில் கலண்டர் தொங்கியது. அதற்கு முன்னால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் நிற்பாட்டி, விரலை வைத்துக் காட்டினாள். வியாழக்கிழமை அந்தத் தாய்க்கும் பிள்ளைகளுக்கும். அதை எடுக்க ஏலாது என்றாள். அந்தத் தாய் இன்னும் தனியப் பஸ்ஸில் ஏறவே பயப்படுகிறாளாம். புதன்கிழமை முழங்காலுக்குப் பயிற்சி. மற்ற நாட்களில் பேரப்பிள்ளைகள். ஒன்றைவிட்ட திங்கட்கிழமைகள் வெறுமையாக இருந்தன. திங்கள் உனக்குச் சரியா என்று கேட்டாள்.

ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவளுக்கு விளங்கிவிட்டது. என்னுடைய கண்ணுக்கு முன்னாலேயே பென்சிலால் எழுதினாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. சந்தையில் சீலை கழன்ற மாதிரி. வியாழக்கிழமை இனி இல்லை என்பதும் அந்த வெட்கத்துக்குள்ளே கிடந்து குத்தியது. மாதத்தில் இரண்டு பின்னேரம். மிச்ச நாளெல்லாம் முன்போலத்தான்.

அந்தத் திங்கட்கிழமை அவள் வந்தாள். சொல்ல வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த கதைகள் நிறைய இருந்தன. வாயைத் திறந்தால் ஒரு டெனிஷ் சொல்லும் வரவில்லை. இவ்வளவு காலமும் கதைக்காமல் இருந்ததில் மறந்துபோயிருக்க வேண்டும். அவளும் களைத்துப்போய் வந்திருந்தாள். பேரப்பிள்ளைகள் கிழமை முடிவு முழுவதும் நின்றிருக்கிறார்கள். காலை நீட்ட ஒரு சின்ன முக்காலி வைத்துக் கொடுத்தேன். கம்பளியை எடுத்து மடியில் வைத்தாள், பின்னவில்லை. கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்துவிட்டது. நித்திரையாகிவிட்டாள்.

நான் எழுப்பவில்லை. மேசையில் கிடந்த பீங்கானை அரக்கினால் சத்தம் கேட்கும் என்று அதையும் எடுக்கவில்லை. எதிர்க் கதிரையில் இருந்தேன். வெளியே பஸ் வந்து நின்று போயிற்று. இந்த வீட்டுக்குள் இன்னொரு ஆள் மூச்சு விடுகிற சத்தத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முதல் கேட்டேன்.